சுவிட்சை நிறுத்திய பிறகும் குமிழ் மினுங்குகிறது: பழைய வயரிங், நியூட்ரல் இல்லை

கேட்பவர்: உவர்மலை வாசி

அப்பா கட்டிய பழைய வீடு. விறாந்தை விளக்கையும் கிணற்று மோட்டாரையும் கைப்பேசியிலிருந்து இயக்கும்படி நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். விறாந்தைச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் இரண்டே வயர்கள். ஆகவே நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சை வாங்கிப் பூட்டினேன். இப்போது நிறுத்திய பிறகும் 5 வாட் எல்.இ.டி. குமிழ் மங்கலாக எரிகிறது, இடையிடையே சிமிட்டுகிறது. "வெளியே யாரோ டோர்ச் அடிக்கிறார்கள்" என்று அம்மா இரண்டு இரவு என்னை எழுப்பிவிட்டார். பக்கத்து பிளக் பெட்டியில் பச்சை வயர் சும்மா கிடக்கிறது. அதை நியூட்ரலாகக் கொடுக்கலாமா?

மறுமொழி: பழைய வயர்மன்

தம்பி, பச்சையைத் தொடவே வேண்டாம். அது பூமி வயர். பூமி இணைப்பு எங்காவது விட்டுப்போனால், நீங்கள் ஏற்றிய மின்சாரம் குளிர்சாதனப் பெட்டியின் உடம்பில் வந்து நிற்கும்.

குமிழில் பழுதில்லை. அந்தச் சுவிட்சுக்குள் வைஃபை சில்லு எப்போதும் விழித்திருக்க வேண்டும். நியூட்ரல் இல்லாததால் தன் தீனியைக் குமிழ் வழியாகவே இழுக்கிறது. பழைய இழைக் குமிழுக்கு அந்தச் சிறு மின்னோட்டம் உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். சுவிட்சோடு ஒரு சிறிய கப்பாசிட்டர் வந்திருக்குமே? அதைச் சுவிட்சில் அல்ல, குமிழ் ஹோல்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பூட்டுங்கள். மெயினை நிறுத்திவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகு ஏணியில் ஏறுங்கள்.

உவர்மலை வாசி

கப்பாசிட்டர் பெட்டியின் அடியில் கிடந்தது. தேவையில்லாத உதிரி என்று நினைத்திருந்தேன். ஹோல்டரைக் கழற்றினால் செம்பு முழுவதும் பச்சை பூத்திருந்தது, திருகாணி தலை கரைந்து திரும்பவே இல்லை. கடற்காற்றின் கைங்கரியம். ஹோல்டரையும் மாற்றிவிட்டேன். மினுங்கல் நின்றது. அடுத்தது மோட்டார், 1 குதிரைவலு. 10 ஆம்பியர் சுவிட்ச் தாங்கும்தானே?

மறுமொழி: பழைய வயர்மன்

ஓடும்போது தாங்கும், புறப்படும்போது தாங்காது. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கைப்பேசியில் "நிறுத்தம்" என்று காட்டும், ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும். ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

மறுமொழி: நிலாவெளிக்காரன்

விறாந்தைக்கு அசைவு உணரியும் போடுவதாக இருந்தால் ஒரு சொல். அது பார்ப்பது உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மத்தியானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்; ஆள் நடந்தாலும் அதற்குத் தெரியாது. என் வீட்டில் இரவில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்கிறது.

உவர்மலை வாசி

இரவுக்குத்தான் வேண்டும். இன்னொன்று: நேற்று விடியற்காலை 3 மணிக்கு மின்சாரம் போய் வந்ததும் விறாந்தை விளக்கு தானாகவே எரிந்தது. அம்மா மறுபடியும் எழும்பிவிட்டார்.

நிலாவெளிக்காரன்

செயலியின் அமைப்புகளில், மின்சாரம் திரும்பும்போது என்ன நிலை என்று கேட்கும் இடம் இருக்கும். "நிறுத்தம்" என்று வையுங்கள். மோட்டாருக்கும் கட்டாயம் அப்படியே.