பிரான்சுக்குக் குடிபோகும் குடும்பம்: நிகாப், முக்காடு எங்கே போடலாம், எங்கே கூடாது?

காரைக்கால் கடற்கரைத்தெரு:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். லாத்தா (அக்கா) குடும்பம் காரைக்காலிலிருந்து லியோனுக்குப் போகிறது. மச்சானுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் விசா பற்றிக் கவலை இல்லை, உடை பற்றித்தான் கவலை. லாத்தா வெளியே போனால் நிகாப் போட்டு முகம் மூடுவார். மூத்த பெண்ணுக்கு 18 வயது; நர்சிங் அல்லது பி.டி.எஸ். (பிரான்சின் இரண்டாண்டுத் தொழிற்படிப்பு, பல் மருத்துவம் அல்ல) படிக்க நினைக்கிறாள். சின்னவளுக்கு 12, அரசு கொலேஜில் (நடுநிலைப் பள்ளி) சேர வேண்டும். இருவரும் முக்காடு மட்டும்தான். தலையில் துணி தெரிந்தாலே அபராதம் என்று ஊரில் சிலர் பயமுறுத்துகிறார்கள். சட்டமெல்லாம் பேருக்குத்தான், யாரும் கண்டுகொள்வதில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். தெரு, பள்ளி, வேலை, நீச்சல்குளம், கார்டுக்கு எடுக்கும் போட்டோ, இவற்றில் எதற்கு என்ன விதி என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வழக்குமேசை:

இரண்டுமே தவறு, இரண்டையும் நம்ப வேண்டாம். பிரான்சில் முகத்தை மறைப்பதற்கு ஒரு சட்டம், தலையை மறைப்பதற்கு வேறு விதிகள். தெருவிலோ கடையிலோ மெட்ரோவிலோ பூங்காவிலோ முக்காடு போடத் தடை எதுவும் கிடையாது. அந்த இடங்களில் தடை முகத்துக்கு மட்டும்தான்.

முகம் பற்றிய சட்டம் 2010 அக்டோபர் 11-ஆம் தேதியது. 2011 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் எந்த மதத்தின் பெயரும் இல்லை, முகத்தை மறைப்பதற்கான உடையைப் பொது இடத்தில் அணியக்கூடாது என்பதுதான் வாசகம். தெரு, பொதுமக்கள் நுழையக்கூடிய எல்லா இடமும் (கடை, உணவகம், வங்கி, ரயில் நிலையம்), அரசுச் சேவை நடக்கும் கட்டடங்கள், எல்லாமே பொது இடம். குடிமக்கள், வெளிநாட்டவர், சுற்றுலாப் பயணி என்ற வேறுபாடு இல்லை. வேறு சட்டம் கேட்கும் உடை (பைக் ஹெல்மெட்), உடல்நலக் காரணம், வேலைப் பாதுகாப்பு, விளையாட்டு, திருவிழா, கலைநிகழ்ச்சி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கோவிட் காலத்தில் நாடே மாஸ்க் போட்டபோது இந்தச் சட்டத்தோடு மோதாமல் போனது உடல்நல விலக்கால்தான்.

அபராதம் 150 யூரோ வரை. அதற்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ குடிமைப் பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்லலாம். வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு பிரிவு: மிரட்டியோ அதிகாரத்தைப் பயன்படுத்தியோ ஒருவரை முகம் மூட வைத்தால், வைத்தவருக்கு ஓராண்டு சிறை, 30,000 யூரோ அபராதம். மூட வைக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் இரண்டும் இரட்டிப்பு.

வீடு, ஹோட்டல் அறை பொது இடம் ஆகா. ஆனால் ஹோட்டல் வரவேற்பறை பொது இடம். பள்ளிவாசலுக்கு உள்ளேயும் சட்டம் செல்லாது. பொதுமக்களுக்குத் திறந்த வழிபாட்டு இடங்களில் வழிபடும் உரிமையை இது கட்டுப்படுத்தக்கூடாது என்று அரசியலமைப்பு மன்றம் 2010 அக்டோபர் 7-இல் தீர்ப்பில் எழுதிவிட்டுத்தான் சட்டத்தை அனுமதித்தது. வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்ததும் சட்டம் மறுபடியும் பொருந்தும்.

போலீஸ் நிறுத்தினால் முகத்தைக் காட்டச் சொல்வார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். கைவைத்துத் துணியை விலக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அடையாளத்தை உறுதிசெய்ய ஒத்துழைக்காவிட்டால் நிலையத்துக்கு அழைத்துப்போய் 4 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். பெரும்பாலும் சிக்கல் வெடிப்பது அபராதத்தில் அல்ல, அந்த இடத்தில் நடக்கும் வாக்குவாதத்தில்தான். கூட வரும் கணவரோ தம்பியோ குரலை உயர்த்தித் திட்டினால் அது அதிகாரியை அவமதித்த குற்றமாகும். ஓராண்டு சிறை, 15,000 யூரோ வரை போகலாம். 2013 ஜூலையில் பாரிசுக்கு அருகே திராப் நகரில் இப்படி ஒரு சோதனை கைகலப்பாகி, கணவர் கைதாகி, இரவில் கலவரமே மூண்டது. ஆகவே மச்சானிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பேச வேண்டியவர் லாத்தா மட்டும், அதுவும் நிதானமாக.

தெருவில் போகிற வருகிறவருக்கோ கடைக்காரருக்கோ எந்த அதிகாரமும் இல்லை. துணியை இழுத்தால் அது தாக்குதல், புகார் கொடுக்கலாம்.

மூன்றாம் மாடி:

ஒரு சேர்க்கை. சொந்தக் காருக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஊரில் சொல்வார்கள். பாதிதான் சரி. சொந்தக் கார் பொது இடம் அல்ல, உட்கார்ந்து வருபவருக்குச் சட்டம் பொருந்தாது. ஓட்டுபவர் கதை வேறு: பார்வையையோ அசைவையோ மறைக்கும் உடையோடு ஓட்டினால் சாலைவிதிப்படி அபராதம் போடலாம். பஸ், டிராம் பொது இடம்தான்.

கொலேஜ் டீச்சர்:

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். 2004 மார்ச் 15-ஆம் தேதிச் சட்டப்படி அரசுத் தொடக்கப்பள்ளி, கொலேஜ், லிசே (மேல்நிலைப் பள்ளி) மூன்றிலும் மதத்தை வெளிப்படையாகக் காட்டும் அடையாளத்தை மாணவர்கள் அணியக்கூடாது. முக்காடு, யூதத் தொப்பி, பெரிய சிலுவை எல்லாம் இதில் அடங்கும். சங்கிலியில் சின்னப் பதக்கம் போன்ற அடக்கமான அடையாளம் அடங்காது.

முக்காட்டைப் பள்ளி வாசல் வரை போட்டு வரலாம். வாசலில் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். உடற்பயிற்சி வகுப்பு, அருங்காட்சியகம் பார்க்கப் போவது, பள்ளி ஏற்பாடு செய்யும் வெளியூர்ப் பயணம், எங்கே நடந்தாலும் பள்ளி நேரம் என்றால் இதே விதிதான்.

குடும்பங்கள் மாட்டிக்கொள்வது மாற்று வழி தேடும்போது. "முக்காடு இல்லை, பந்தானா தானே" என்று நெற்றி முதல் பின்கழுத்து வரை தினமும் கட்டி வந்தார் ஒரு மாணவி. தினமும் விடாமல் அணிவதே அதை மத அடையாளமாக்குகிறது என்று அவரைப் பள்ளியிலிருந்து நீக்கியதை 2007 டிசம்பர் 5-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் (இங்கே கொன்செய் தெத்தா என்பார்கள்) சரி என்றது. 2023 செப்டம்பர் முதல் அபாயாவும், ஆண் பிள்ளைகளின் நீள அங்கியும் தடையில் சேர்ந்தன. அதை நிறுத்தி வைக்கக் கோரிய மனுவை அதே நீதிமன்றம் செப்டம்பர் 7-இல் தள்ளுபடி செய்தது. ஆகவே ஊரிலிருந்து கறுப்பு அபாயாவாக நான்கைந்து தைத்துக்கொண்டு வர வேண்டாம். முழுக்கை டி-ஷர்ட், தளர்வான பேண்ட், அதன்மேல் தொடை வரை வரும் சட்டை என்றால் கேள்வி வராது.

விதி மீறினால் அன்றே வெளியேற்றிவிட மாட்டார்கள். முதலில் பள்ளித் தலைவர் மாணவியோடும் பெற்றோரோடும் பேச வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது இது. பேச்சு பலிக்காவிட்டால்தான் ஒழுங்குக் குழு. அந்தக் குழு நீக்கினால் 8 நாளுக்குள் ரெக்டருக்கு (வட்டாரக் கல்வித் தலைமை அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். பேசக் கூப்பிட்ட முதல் கடிதத்தைப் பிரெஞ்சு புரியவில்லை என்று மூலையில் வைத்துவிடுவதுதான் பெரிய நஷ்டம். கடிதம் வந்த அன்றே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நீச்சல் வகுப்பு பாடத்திட்டத்தில் உள்ளது. மதக் காரணம் சொல்லி வராமல் இருக்க முடியாது. உடல்நலக் காரணம் என்றால் டாக்டர் சான்றிதழ் தேவை.

லாத்தா பள்ளிக்கு வந்தால் முகம் திறந்திருக்க வேண்டும், முக்காடு போட்டிருக்கலாம். பெற்றோர் மாணவரும் அல்ல, ஊழியரும் அல்ல. பிள்ளைகள் வெளியே போகும்போது துணைக்குப் போகும் தாய்மார்களுக்கும் பொதுவாக இதேதான். வகுப்பறைக்குள் ஆசிரியர்போல் பாடம் தொடர்பான வேலையில் பங்கெடுத்தால் மட்டும் நடுநிலை விதி (அரசு ஊழியர் பணியில் மத அடையாளம் அணியக்கூடாது என்பது) வரும். 2019 ஜூலையில் லியோன் மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. நீங்கள் போவதும் லியோன்தான் என்பதால் சொல்கிறேன்.

தனியார் பள்ளிகளுக்கு 2004 சட்டம் பொருந்தாது. அவற்றுக்கென்று உள்விதிகள் உண்டு, சேர்ப்பதற்கு முன் அதை வாங்கிப் படியுங்கள்.

காரைக்கால் கடற்கரைத்தெரு:

ரொம்ப நன்றி டீச்சர். மூத்தவளுக்கு 18 ஆகிவிட்டதே, அவளுக்கும் பள்ளிச் சட்டம்தானா? பல்கலைக்கழகத்தில் முக்காடு போடலாம் என்று கேள்விப்பட்டோம்.

வெள்ளைக்கோட்டு:

வயதை வைத்து அல்ல, படிக்கும் கட்டடத்தை வைத்துத்தான் விதி. பி.டி.எஸ். பெரும்பாலும் லிசேக்குள் நடக்கும். அரசு லிசே என்றால் 20 வயது ஆனாலும் 2004 சட்டம் பொருந்தும்; பிரெப்பா வகுப்புகளுக்கும் (லிசேயில் நடக்கும் உயர்கல்வி நுழைவுத்தேர்வுப் பயிற்சி) அப்படியே. ஏறக்குறைய அதே பாடங்களை ஐ.யு.டி.யில் படித்தால், அது பல்கலைக்கழகத்தின் பகுதி, முக்காடு போட்டுக்கொண்டே வகுப்பில் உட்காரலாம். பார்கூர்சுப்பில் (உயர்கல்விச் சேர்க்கை இணையதளம்) விருப்பப் பட்டியல் நிரப்பும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். சேர்ந்தபின் தெரிந்துகொண்டு ஓராண்டை இழக்க வேண்டாம்.

நர்சிங்: கல்லூரி வகுப்பில் முக்காடு போடலாம், ஆனால் அரசு மருத்துவமனையில் பயிற்சிக்கு நின்றால் ஊழியருக்கு உள்ள நடுநிலை விதி மாணவிக்கும் பொருந்தும். படிப்பில் பாதிக் காலம் பயிற்சிதான், அதனால் தள்ளிப்போட முடியாது. அறுவைச்சிகிச்சைத் தொப்பியை நாள் முழுக்கப் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோழிகள் சொல்வார்கள். தேவையான அறைக்கு வெளியே அதைப் போட்டால் நிர்வாகம் கேள்வி கேட்கும். நான்டேர் மருத்துவமனையின் சமூகப்பணியாளர் ஒருவரின் ஒப்பந்தம் முக்காட்டுக்காகப் புதுப்பிக்கப்படவில்லை. வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2015 நவம்பரில் அவர் தோற்றார்.

அரசு வேலை எதுவானாலும் இதே விதி. 2021 ஆகஸ்ட் 24 சட்டத்துக்குப் பிறகு, அரசுச் சேவையை ஒப்பந்தத்தில் நடத்தும் தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் பொருந்தும். நகரப் பஸ் ஓட்டுநர் அதில் அடக்கம். சாதாரணத் தனியார் கம்பெனியில் நிலைமை தலைகீழ்: தடுக்க வேண்டுமென்றால் கம்பெனியின் உள்விதியில் எல்லா மதத்துக்கும் அரசியலுக்கும் பொதுவான நடுநிலைப் பிரிவு எழுத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளித்தார் என்ற காரணம் செல்லாது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. வேலையில் சேரும் நாளில் உள்விதியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் மாடி:

நீச்சல்: கடற்கரையும் குளமும் ஒன்றல்ல. 2016-இல் வில்நவ்-லூபே மேயர் கடற்கரையில் புர்கினியை (தலையும் உடலும் மூடும் நீச்சலுடை) தடுத்ததை ஆகஸ்ட் 26-இல் கொன்செய் தெத்தா நிறுத்திவைத்தது. பொது ஒழுங்குக்கு உண்மையான ஆபத்து இல்லாமல் மேயர் தடுக்கக்கூடாது என்பது அடிப்படை. நகராட்சிக் குளத்தில் சுகாதார விதி ஆட்சி செய்கிறது. பெரும்பாலான குளங்களில் தளர்வான துணி கூடாது, தலைக்கு நீச்சல்தொப்பி கட்டாயம். மச்சான் முட்டி வரை உள்ள அரைக்கால்சட்டையோடு போனாலும் திருப்பி அனுப்புவார்கள், ஒட்டிய ஜட்டிதான் வேண்டும். கிரெனோபிள் நகரம் விதியைத் தளர்த்திப் பார்த்தது, அதுவும் நிறுத்தப்பட்டது; 2022 ஜூன் 21-இல் கொன்செய் தெத்தா அந்த நிறுத்தத்தை உறுதிசெய்தது.

போட்டோ: அடையாள அட்டை, பாஸ்போர்ட், ரெசிடன்ட் கார்டு, லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் தலை திறந்திருக்க வேண்டும், அளவு 35-க்கு 45 மில்லிமீட்டர். ஊரில் முக்காட்டோடு எடுத்த படங்களைக் கொண்டுவந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். சீக்கியர் ஒருவர் தலைப்பாகைக்காக நடத்திய வழக்கிலும் விலக்கு கிடைக்கவில்லை. பெண்தான் படம்பிடிக்க வேண்டும், ஆண் கூடாது என்றால் தானியங்கிப் படப்பெட்டி இருக்கிறதே, திரையை இழுத்துவிட்டுத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

வழக்குமேசை:

முகச் சட்டம் நியாயமா என்று இங்கே பலருக்கும் மனக்குமுறல் உண்டு, எனக்கும் உண்டு. 2014 ஜூலை 1-இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் "சேர்ந்து வாழ்தல்" என்ற காரணத்தை ஏற்றுச் சட்டத்தை அனுமதித்தது. 17 நீதிபதிகளில் 2 பேர் மறுத்தனர். 2018 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைக் குழு நேரெதிராக, இரு பெண்களின் உரிமை மீறப்பட்டது என்றது. ஸ்ட்ராஸ்பர்க்கில் மறுத்த அந்த இரண்டு நீதிபதிகள் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் சட்டம் சிலரை வீட்டுக்குள் அடைத்துவிட்டது. ஆனால் ஐ.நா. குழுவின் கருத்து சட்டத்தை மாற்றவில்லை, போலீஸ் நிலையத்தில் அதைக் காட்டிப் பயனில்லை. லாத்தா விமானத்தில் ஏறும் முன் முடிவெடுக்கட்டும்: பாஸ்போர்ட் சோதனையிலேயே முகம் காட்ட வேண்டும், விமான நிலையமும் பொது இடம்.

காரைக்கால் கடற்கரைத்தெரு:

எல்லாவற்றையும் லாத்தாவுக்கு அனுப்பிவிட்டேன். பார்கூர்சுப் பட்டியலில் இன்றே ஐ.யு.டி.யைச் சேர்க்கிறோம். லியோன் கொலேஜில் கொடுக்கும் உள்விதித் தாளைப் படித்துச் சொல்ல யாராவது முன்வந்தால் இங்கேயே எழுதுங்கள்.

கொலேஜ் டீச்சர்:

பெயர், முகவரி தெரியாமல் படம் எடுத்துப் போடுங்கள், படித்துச் சொல்கிறேன். உடை பற்றிய பத்தியும் தண்டனை பற்றிய பத்தியும் தெளிவாக விழட்டும்.