மறு: ஆன்டிஆக்ஸிடன்ட் – ‘ஆக்சியேற்றத் தணிப்பி’ எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம். ஆக்சிஜனேற்றத்தை மட்டுப்படுத்தும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ பொருள்களுக்கு நான் முன்வைத்த ‘ஆக்சியேற்றத் தணிப்பி’ பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘உயிர்வளி எதிர்ப்பி’ என்றே வைத்துவிடலாமே. சுருக்கம், நல்ல தமிழும்கூட.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் உயிர்வளி என்றால் ஆக்சிஜன், அதையே எதிர்ப்பது என்றாகிப் பொருள் அடிபட்டுப் போகிறது. ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரான் இழப்பு. ஆக்சிஜன் பக்கத்தில் இல்லாமலும் அது நடக்கும். மருந்துப் புட்டியில் ‘உயிர்வளி எதிர்ப்பி’ என்று அச்சிட்டால், மூச்சிழுப்பு நோய் உள்ளவர் அதைத் தொடவே அஞ்சுவார்.

> அப்படியானால் ‘தடுப்பான்’ போதாதா?

போதாது என்பது என் கருத்து. சால்வியா செடிகளில் (சமையலுக்கு உதவும் சேஜ் அவற்றுள் ஒன்று) கிடைக்கும் கார்னோசிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் ஒரு கொழுப்பு மூலக்கூறு தனி உறுப்பாகிவிட்டால் (அதாவது இணையில்லா எலக்ட்ரானோடு நிற்கும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ ஆகிவிட்டால்) அடுத்ததைத் தாக்கும், அது அதற்கடுத்ததை. இந்த அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. கொடுத்த பிறகு தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்னோசால் முதலியவையாக மாறிவிடுகிறது. (கார்னோசாலுக்கு அந்தப் பெயர் வந்ததே சால்வியா கார்னோசா என்ற செடியால்தான், 1942இல் அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.) இருப்பு தீர்ந்ததும் எண்ணெயில் சிக்கு வாடை வந்தே தீரும். வினை நின்றுபோவதில்லை, தள்ளிப்போகிறது. ஆகவேதான் ‘தணிப்பி’.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டி.பி.பி.எச். என்ற, நிலைத்து நிற்கும் தனி உறுப்பின் கரைசல் கத்தரிப்பூ நிறத்தில் அடர்ந்திருக்கும். சேஜ் இலைச் சாற்றைச் சேர்த்தால் ஊதா மெல்ல வெளுத்து இளமஞ்சளுக்கு வரும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். ‘தணிப்புத்திறன்’ என்ற சொல் அந்த அளவுக்கு அப்படியே பொருந்துகிறது. ‘தடுப்புத்திறன்’ என்றால் நோய்த்தடுப்பு நினைவுக்கு வந்து குழப்பும்.

சேஜைக் ‘கற்பூரவல்லி’ என்று எழுதும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். இரண்டும் துளசிக் குடும்பம், இரண்டிலும் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு. ஆனாலும் செடி வேறு. இங்கே தென்னாப்பிரிக்காவின் கேப் கடற்கரை மணல்மேடுகளில் வளரும் சால்வியா ஆப்பிரிக்கானா-லூட்டியா சாம்பல் பூத்த இலையும், மஞ்சளாய் மலர்ந்து துருநிறத்துக்கு மாறும் பூவுமாக நிற்கும். அதன் இலையைச் சளி, இருமலுக்குத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பது இந்த மண்ணின் பழைய வைத்தியம். ரோஸ்மேரியையும் 2017 முதல் சால்வியா பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். எனவே ‘சால்வியா’ என்றே எழுதுவது நல்லது.

இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அறிவியல் முழுவதையும் ஆங்கிலத்தில்தான் கற்கிறார்கள். ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப்பொருள்’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் அவர்களுக்கு மறந்துபோகும். அதற்காகத்தான் ‘ஆக்சியேற்றம்’ என்று குறுக்கினேன். இலங்கை நண்பர்கள் தங்கள் வழக்கப்படி ‘ஒட்சியேற்றத் தணிப்பி’ என்று எழுதினாலும் பின்பாதி நம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்.

மறுப்பு உள்ளவர்கள் வேறொரு சொல்லோடு எழுதுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.