ரயில நிப்பாட்டுன பையனும் எங்கப்பாவும்

இங்க எல்லாரும் சூப்பர்ஹீரோ படத்த முதல் தடவையா தியேட்டர்ல பாத்த கதைய சொல்றத ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், எனக்கும் ஒன்னு சொல்லணும். படம் ஸ்பைடர்மேன் 2, வருஷம் 2004, தமிழ் டப்பிங், மதுரைல பாத்தது. நான் அப்ப ஏழாப்பு. கூட வந்தது எங்கப்பா. அவரு பஸ் டிரைவர், கொடைக்கானல் ரூட்டு, ஆரப்பாளையத்துல வண்டி எடுத்தா வத்தலக்குண்டு, காட்ரோடு, அப்பறம் மலைதான். பதினாறு வருஷம் அதே ரூட்டு.

எனக்கு காமிக்ஸ் வந்ததே அந்த பஸ்ல இருந்துதான். யாரோ சீட்டுல விட்டுட்டுப் போன முத்து காமிக்ஸ் ஒன்ன அப்பா எடுத்து முன்னாடி கண்ணாடிக்குக் கீழ வச்சிருந்தாரு, யாராவது தேடி வருவாங்கன்னு மூணு நாளு பாத்துட்டு யாரும் வரலன்னதும் வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. வெயில் பட்டு அட்டையில ஒரு ஓரம் மட்டும் வெளுத்துப்போயி இருந்துச்சு. இரும்புக்கை மாயாவி. ஒடம்புல கரண்டு பாஞ்சதும் ஆளு மறைஞ்சுபோயி அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியும்ல, அந்தப் பக்கத்த எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே கெடையாது. 1972-ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே மாயாவிய வச்சுத்தான்ங்கிறதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. அப்பறம் சிவகாசில இருந்து வர்ற லயன், முத்து எது பஸ் ஸ்டாண்டு கடைல கண்ணுல பட்டாலும் அப்பா வாங்கிட்டு வந்துருவாரு.

ஒன்னு சொல்லணும், எங்க தலைமுறைல பல பேருக்கு ஸ்பைடர்னா முதல்ல ஞாபகம் வர்றது செகப்பும் நீலமும் போட்ட ஆளு இல்ல. லயன்ல வந்த கூர்மண்டை ஸ்பைடர், கருப்பு டிரெஸ்ஸு, கையில வலை துப்பாக்கி, குற்றவாளியா ஆரம்பிச்சு அப்பறம் நல்லவனா மாறுற இங்கிலாந்துக்காரங்க காமிக்ஸ் ஆளு. சூப்பர்மேன உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல்தான் அந்தக் கதைகள்ல நெறைய எழுதினாரு. அதனால ஸ்பைடர்மேன் முகமூடிக்குள்ள இருக்குற பீட்டர் பார்க்கர் எனக்கு புது ஆளு மாதிரிதான் வந்தான், வந்த உடனே சொந்தக்காரப் பையனாவும் ஆயிட்டான்.

ஏன்னா அவன் வீட்டுக் கஷ்டம் அப்டியே நம்ம வீட்டுக் கஷ்டம். பீட்சா டெலிவரி வேலை, அதுவும் லேட்டா போயி போயிருது. வாடகைக்கு ஹவுஸ் ஓனர் வாசல்லயே நிக்கிறாரு. பெரியம்மா தன் வீட்டுக் கடனையே கட்ட முடியாம நிக்குது, அந்த நெலமையிலயும் பையன் பொறந்த நாளுக்கு இருவது டாலர கையில திணிச்சு, வேண்டாம்ங்கிறப்ப அதுக்கு கோவம் வந்து அழுகுது பாருங்க, எங்கப்பத்தா கோயிலுக்குப் போறப்ப முந்தானைல முடிஞ்ச காச அவுத்து குடுக்குறது அதுதான். நியூயார்க்குல நடக்குற கதையில அப்பத்தாவ பாப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல.

இனி ரயில் சீன். எல்லாரும் பாத்துருப்பீங்க. வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் ரயிலோட கண்ட்ரோல ஒடச்சு வேகத்த ஏத்திவிட்டுட்டு போயிருவாரு, உள்ள அம்புட்டு ஜனம், முன்னாடி தண்டவாளம் முடியுது. ஸ்பைடர்மேன் முதல்ல கால தண்டவாளத்துக் கட்டையில குடுத்து பாப்பான், கட்டைங்க ஒன்னொன்னா ஒடையும், நிக்காது. அப்பறம் ரெண்டு பக்கமும் இருக்குற கட்டடத்துல வலைய அடிச்சு, ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு, நெஞ்ச ரயிலுக்குக் குடுத்து நிப்பான். அந்த நேரத்துல எனக்குப் பக்கத்துல சர் சர்ருன்னு சத்தம். குனிஞ்சு பாத்தா அப்பா வலது கால் செருப்ப தரையில ஊனி அழுத்திட்டு இருக்காரு. அமுக்கி அமுக்கி விடுறாரு, பிரேக்க மிதிக்கிறாப்ல. கண்ணு திரைய விட்டு எடுக்கல. ரயில் நின்னதுக்கு அப்பறமும் கால எடுக்கல.

அப்பறம்தான் அந்த எடம். பையன் மயங்கி முன்னாடி சாயுறான், உள்ள இருந்து கைங்க வந்து நெஞ்ச தாங்குது, தலைக்கு மேல தூக்கி கை மாத்தி கை மாத்தி உள்ள கொண்டு போயி படுக்க வைக்கிறாங்க. முகமூடி இல்ல, அவனே கழட்டிட்டான். எல்லாரும் அவன் மூஞ்ச பாக்குறாங்க, சின்னப் பையன்னு தெரியுது, யார்கிட்டயும் சொல்லமாட்டோம்னு சொல்லி ரெண்டு பொடியனுங்க முகமூடிய திருப்பிக் குடுக்குறாங்க. திரும்ப வில்லன் வந்து நிக்கிறப்ப அந்தப் பயணிங்க ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து மறிச்சு நிக்கிறாங்க, தோத்துருவோம்னு தெரிஞ்சே. அப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்து மூஞ்ச தொடச்சாரு.

படம் விட்டு பருத்திப்பால் வண்டிகிட்ட நிக்கிறப்பதான் சொன்னாரு. நான் மூணாப்பு படிக்கிறப்ப ஒரு நாளு மலை ரோட்டுல டம்டம் பாறை தாண்டி எறங்கும்போது பிரேக்குக்குப் போற ஏர் எறங்கிருச்சாம், பஸ்ஸர் கத்துது, மிதிச்சா பிரேக் பிடிக்கல. செகண்ட் கியர்ல இருந்ததால வேகம் ரொம்ப ஏறல, கியர நியூட்ரலுக்கு மட்டும் விட்டுறக்கூடாதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே, ஹேண்ட் பிரேக்க போட்டு, பள்ளத்துப் பக்கம் போகாம மலைப் பக்கமா மண்ணுல ஒரசி ஒரசி நிப்பாட்டிருக்காரு. நின்னதுக்கப்பறம் கை ஸ்டியரிங்க விட்டு வரமாட்டேங்குதாம். கண்டக்டர் அண்ணன்தான் ஒவ்வொரு வெரலா எடுத்துவிட்டாராம். ஒரு கெழவி தன்னோட பாட்டில்ல இருந்து தண்ணிய எடுத்து அவரு மூஞ்சில தொடச்சுவிட்டு, "எஞ்சாமி, ஒனக்கு எத்தன புள்ளைக"ன்னு கேட்டுச்சாம். ரெண்டு ஆளுங்க கைத்தாங்கலா எறக்கி கல்லுல ஒக்கார வச்சாங்களாம். நாலு வருஷமா வீட்டுல யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அந்த சீன பாத்ததுக்கு அப்பறம்தான் அவரு வாய்ல இருந்து வந்துச்சு. "அந்தக் கை தாங்குச்சு பாத்தியா, அது நெசம்டா, அப்டித்தான் இருக்கும்" அப்டின்னாரு. அதுக்கு மேல ஒன்னும் பேசல, கிளாஸ திருப்பிக் குடுத்துட்டு நடந்துட்டாரு.

டைரக்டர் சாம் ரெய்மி எடுத்த இந்தப் படத்துல வலை மணிக்கட்டுல இருந்து தானா வருது, காமிக்ஸ்ல பீட்டர் தானே கண்டுபிடிச்ச மெஷின்ல இருந்து வருதுன்னு கொற சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. எனக்கு அந்தக் கொற இல்ல. மனசு ஒடஞ்சா வலையும் வத்திப்போகுதுன்னு இந்தப் படத்துல காட்ட முடிஞ்சதே அதனாலதான். காமிக்ஸ்ல 1967-ல வந்த ஐம்பதாவது இதழ்ல அவனுக்கு சக்தியெல்லாம் போகல, பத்திரிகைக்காரன் திட்றதும் பெரியம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாததும் படிப்பு கெட்டதும் சேந்து வெறுத்துப்போயிதான் டிரெஸ்ஸ குப்பைத்தொட்டில போடுவான். ஜான் ரோமிட்டா வரைஞ்ச அந்தப் பக்கத்த, மழையில டிரெஸ்ஸு தொட்டியில கெடக்க அவன் முதுகக் காட்டி நடந்து போறத, ரெய்மி படத்துல அப்டியே எடுத்து வச்சிருப்பாரு. காலேஜ் முடிச்சப்பறம் அந்தக் கதைய மறுபதிப்புல படிச்சேன். அப்ப எனக்கு வேலையும் இல்ல, அந்த ஒரு பக்கத்துலயே ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன்.

கிராபிக்ஸுக்கு ஆஸ்கர் வாங்குன படம்தான், ஆனா எங்க வீட்டுல யாரும் அந்தப் படத்த கிராபிக்ஸ்க்காக பேசுனதில்ல.

2021 டிசம்பர்ல ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம் வந்தப்ப அப்பா ரிட்டயர்டு ஆயிட்டாரு, முட்டி வலியோட படியேறி என்கூட வந்தாரு. புது ஸ்பைடர்மேன் பையன் கதை அவருக்கு அவ்வளவா புரியல, நடுவுல கொஞ்சம் கண்ணும் அசந்துட்டாரு. ஒரு மந்திர வட்டத்துக்குள்ள இருந்து, பழைய படத்துல பீட்டரா நடிச்ச டோபி மெக்குவயர் சாதா சட்டையில வெளிய வந்து நின்னப்ப தியேட்டரே எந்திரிச்சு கத்துச்சு, அப்பா முழிச்சு பாத்துட்டு என் கையப் பிடிச்சாரு. "டேய், இவன் அந்த ரயில நிப்பாட்டுன பையன்ல?" ஆமாப்பான்னேன். வயசாயிருச்சேடா இவனுக்கும்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவன் முதுகு வலிக்குதும்பான், அங்க வந்த இன்னொரு ஸ்பைடர்மேன் பின்னாடி இருந்து நெட்டி எடுத்துவிடுவான், தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா சிரிக்கல.

"வலிக்கும்டா. அன்னைக்கு இழுத்த இழுப்பு அப்டி."