புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை: கழற்றுவதா, விடுவதா? காற்றை எப்படி அளப்பது?

ஷெட்காரர்_புதுவை:

வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 60க்கு 40 அடி ஃபேப்ரிகேஷன் ஷெட். வெல்டிங், கிரைண்டிங், உள்ளே ஆறு பேர். கூரை முழுக்கப் பழைய சிமெண்ட் ஷீட், 1990களின் தொடக்கத்தில் போட்டது. தானே புயலில் தப்பியது; ஃபெஞ்சலில் மேற்குப் பக்கம் எட்டு ஷீட் உடைந்தது. இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது.

கூரை வேலைக்காரர் சொல்லும் வழி: கிரைண்டரால் போல்ட்டை அறுப்பது, ஷீட்டை மேலிருந்தே உடைத்துத் தள்ளுவது, துண்டுகளைப் பின்பக்கப் பள்ளத்தில் நிரப்பி மண் போடுவது. இரண்டே நாளாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

உடையாத ஷீட்டை விட்டுவைக்கலாமா? கழற்றுவதென்றால் முறை என்ன? ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் காற்றுத்தர மீட்டரை மாட்டினால் ஆஸ்பெஸ்டாஸ் தெரியுமா? கழிவை யாரிடம் கொடுப்பது?

---

காற்றுமாதிரி:

முதலில் அந்த மீட்டரை வாங்காதீர்கள். அது லேசர் ஒளி சிதறுவதை வைத்து பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்குள் உள்ள நுண்தூசு) என்று ஒரு எண் காட்டும். வெல்டிங் புகை, ஊதுவத்தி, மீன் பொரிக்கிற புகை எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆஸ்பெஸ்டாஸ் இழையைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. உங்கள் ஷெட்டில் கிரைண்டர் ஓடினால் சிவப்புக்குப் போகும், ஓடாவிட்டால் பச்சைக்கு வரும். இரண்டுக்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை.

விஷயம் இதுதான். இந்த ஷீட்டுகளில் பொதுவாக 8 முதல் 10 சதவீதம் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கிரைசோடைல். மீதி சிமெண்டும் சாம்பலும். இழை சிமெண்டுக்குள் பூட்டியிருக்கும் வரை அதிகம் வெளியே வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், பிரஷர் வாஷர் அடித்தால் வரும். ஆக, கூரை தலைக்கு மேலே இருக்கும் முப்பது வருஷத்தைவிட உங்கள் ஆள் சொல்லும் அந்த இரண்டு நாள்தான் மோசம். இழையை மூச்சில் இழுப்பதால் வரும் நோய் வெளிப்பட 20 முதல் 40 வருஷம் ஆகலாம் என்பதால் அன்றைக்கு யாருக்கும் இருமல்கூட வராது. அதனால்தான் துணிந்து செய்கிறார்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருப்பவருக்கு நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு கூடும்.

ஷீட் ஆஸ்பெஸ்டாஸ்தானா என்று உறுதி செய்ய, உடைந்த துண்டில் தீப்பெட்டி அளவு போதும். தண்ணீர் தெளித்து, குறடால் கிள்ளி, ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு லேபுக்கு அனுப்புங்கள். துருவித் தூளாக்கி அனுப்ப வேண்டாம். துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1990களின் ஷீட் என்றால் விடை பெரும்பாலும் ‘ஆம்’. காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

இன்றைக்கே நிறுத்த வேண்டிய ஒன்று உண்டு. ஏழு மணிக்கு வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் குழாயால் மேஜை, தரை, ஆள் சட்டை எல்லாவற்றையும் ஊதிச் சுத்தம் செய்கிறீர்களா? அந்த எட்டு ஷீட் உடைந்த தூசு டிரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) மேலும் பர்லின் (அதன் மேல் ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பி) மேலும் கேபிள் மேலும் படிந்திருக்கும். ஒவ்வொரு முறை ஊதும்போதும் அது மறுபடி மூக்கு உயரத்துக்கு எழும். ஈரத் துணி, ஈர மாப், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூம் மட்டும்தான். வீட்டு வேக்யூம் கிளீனர் நுண்ணிய இழையைப் பின்பக்கம் துப்பிவிடும்.

---

கடலூர்_கூரை:

கழற்றும் முறையை நான் சொல்கிறேன். ஆனால் தூசுக்கு முன்னால் வேறொன்று: இந்த வேலையில் அந்த நாளிலேயே ஆளைக் கொல்வது விழுதல். பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது. ‘போல்ட் வரிசை மேலேயே நடந்தால் போதும்’ என்பது தப்பான நம்பிக்கை. தண்ணீர் தெளித்தால் பாசி இன்னும் வழுக்கும். அதனால் முடிந்தவரை மேலே ஏறாதீர்கள். உள்ளே சக்கரச் சாரம் வைத்துக் கீழிருந்து கழற்றுங்கள். ஏறியே ஆக வேண்டிய இடத்தில் மூன்று பர்லினாவது தாங்கும் நீளத்தில் பலகை, டிரஸ்ஸில் கட்டிய ஃபுல் பாடி ஹார்னஸ், கீழே வலை.

காலை ஆறிலிருந்து பத்துக்குள் வேலை. அதற்கு மேல் கடல் காற்று எழும்பும், தூசுக்கான கவர்-ஆல் உடுப்புக்குள் ஆளும் வெந்துபோவார். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். பாதி கூரை திறந்திருக்கும்போது மழை பிடித்தால் நனைந்த கழிவு ஷெட் முழுக்க ஓடும்.

உள்ளே இருக்கும் மெஷின்களை வெளியே எடுங்கள், எடுக்க முடியாததை பாலித்தீனால் மூடி டேப் ஒட்டுங்கள். தரையிலும் 200 மைக்ரான் பாலித்தீன். பூச்சிமருந்து அடிக்கிற 16 லிட்டர் கைத்தெளிப்பான் போதும், ஆனால் மருந்து அடித்த பழையது வேண்டாம். தண்ணீரில் 25–30 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் ஷீட்டுக்குள் ஊறும்; வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். மெல்லிய தூவலாக அடியுங்கள், பீய்ச்சாதீர்கள். இரண்டு பக்கமும், முக்கியமாக போல்ட் துளையைச் சுற்றி. காய்ந்தால் மறுபடி.

ஷீட்டை பர்லினோடு பிடிக்கும் கொக்கி வடிவ ஜே-போல்ட் நம் கரையோரத்தில் உப்புக்காற்றுக்குத் துருப்பிடித்து ஒட்டியிருக்கும், ஸ்பேனருக்கு வராது. கிரைண்டர் கூடாது, பிளேடு ஷீட்டைத் தொடாமல் இருக்காது. 24 அங்குல போல்ட் கட்டரால் நட்டுக்குக் கீழே கத்தரியுங்கள். தார் வாஷரைக் கையால் எடுங்கள். முகட்டு ஷீட் முதலில், பிறகு மேல் வரிசை, கடைசியில் இறவாணம். போட்ட வரிசைக்கு நேர் எதிர் வரிசை.

10 அடி ஷீட் ஒன்று 40 கிலோ அளவில் வரும், நனைந்தால் இன்னும் கூடும். இரண்டு பேர் பிடித்து, கயிறும் பலகையும் வைத்து முழுசாக இறக்குங்கள். தள்ளிவிட்டால் இவ்வளவு நேரம் தண்ணீர் அடித்தது வீண்.

மழைநீர்க் கால்வாய்த் தகரத்தில் முப்பது வருஷச் சேறு இருக்கும். அது ஷீட்டின் மேல்தோல் கரைந்து சேர்ந்தது, இழை அதிகம். காயவிடாமல் ஈரமாகவே கரண்டியால் அள்ளி, கழிவுப் பையில் கட்டுங்கள்.

மாஸ்க்: துணியும் சர்ஜிகலும் கணக்கில் இல்லை. ஐஎஸ் 9473 (இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள எஃப்எஃப்பி3 மாஸ்க், அல்லது பி100 ஃபில்டர் போட்ட பாதி முக மாஸ்க்; இரண்டும் நுண்தூசைத் தடுக்கும் வகை. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். அந்த ஆளை அன்றைக்குக் கீழே கட்டுக் கட்டும் வேலைக்குக்கூட விடாதீர்கள், வாசலுக்கு வெளியே ஏதாவது கொடுங்கள். கழற்றும் வரிசையும் முக்கியம். உடுப்பை ஈரத் துணியால் துடைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றி, கடைசியில்தான் மாஸ்க். பிறகு குளியல். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கப் போட்டால் துவைக்கிறவர் மூச்சில் போகும்.

---

பெயின்ட்_பாலு:

இவ்வளவு எதற்கு? நல்ல ஷீட்டைக் கழுவி எலாஸ்டோமெரிக் (ரப்பர்போல் இழுபடும்) கோட்டிங் இரண்டு கை அடித்தால் பத்து வருஷம் ஓடும். இல்லையென்றால் ஷீட் மேலேயே கலர் தகடு போட்டு மூடிவிடலாம்.

---

கடலூர்_கூரை:

@பெயின்ட்_பாலு அண்ணே, கோட்டிங் தப்பில்லை. ஷீட் கெட்டியாக, ஓரம் சிதையாமல் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ‘கழுவி’ என்பதுதான் இடிக்கிறது. பிரஷர் வாஷர் பாசியோடு மேல்தோலையும் உரித்து அக்கம்பக்கத்துக் கூரையில் தெளிக்கும். பாசிக்கொல்லி அடித்துச் சாகவிட்டு, அதன் மேல் ஊடுருவும் பிரைமர், பிறகு கோட்டிங். இவர் கூரையில் மேற்குப் பக்கம் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது. அடுத்த புயலில் பெயின்ட் அடித்த ஷீட்டும் அதே மாதிரிதான் உடையும்.

மேலேயே தகடு போடுவதென்றால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஆஸ்பெஸ்டாஸில் துளை. நூற்றுக்கணக்கில். அதற்குக் கழற்றுவதே மேல்.

தகடு போடும்போது எல்லோரும் மறப்பது: பழைய ஷீட் சதுர மீட்டருக்கு 13 கிலோவுக்கு மேல், கலர் தகடு 5 கிலோகூட வராது. பழைய கூரை தன் எடையாலேயே பாதி உட்கார்ந்திருந்தது. லேசான தகட்டைக் காற்று தூக்கும். ஓரம், முகடு, மூலை மூன்றிலும் ஸ்க்ரூ இடைவெளியைக் குறைத்து, பர்லின் கிளீட் (பர்லினை டிரஸ்ஸோடு பிடிக்கும் துண்டு), தூணுக்கடி ஆங்கர் போல்ட் வரை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைப் பார்க்கச் சொல்லுங்கள். தானேயும் ஃபெஞ்சலும் கரையேறிய இடத்தில் இதை விட முடியாது.

---

படிவம்_பத்து:

கழிவு பற்றி. கணக்கு முதலில்: உங்கள் கூரைக்கு 80–85 ஷீட், கிட்டத்தட்ட மூன்றரை டன். இதைப் பள்ளத்தில் போட்டு மண் மூடினால் நாளைக்குத் தோண்டுகிறவர் தலையில் விழும். உடைந்த துண்டை வண்டிப்பாதையில் போடுவது அதைவிட மோசம், டயர் ஏற ஏற மாவாகும். யாராவது அடுப்புக்குக் காற்றுமறைப்பாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சூடேறினால் வெடித்துச் சிதறும்.

அபாயக் கழிவு விதிகள் 2016, முதல் அட்டவணையில் ‘கழித்த ஆஸ்பெஸ்டாஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது ஆஸ்பெஸ்டாஸ் பொருள் தயாரிப்பு என்ற தலைப்பின் கீழ் வருவதால் கூரை ஷீட்டுக்குப் பொருந்தாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நீங்கள் அந்த வாதத்துக்குள் போகாமல், புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு அளவு, முகவரி, படத்தோடு கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம்.

தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு நிலநிரப்பு மையம் இருக்கிறது. புதுச்சேரிக்காரருக்கு ஒரு கூடுதல் சிக்கல்: வேறு மாநிலத்து மையத்துக்கு அனுப்ப இரண்டு பக்க வாரியங்களிடமும் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஷெட்டைப் பிரித்த பிறகு ஓடாதீர்கள். சான்று கைக்கு வந்ததும் பிரியுங்கள். வண்டியோடு படிவம் 10 (கழிவை அனுப்புவதற்கான சீட்டு) போக வேண்டும். கழிவை உங்கள் இடத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி.

கட்டும் முறை: முழு ஷீட்டுகளைப் பலகைச் சட்டத்தில் அடுக்கி 200 மைக்ரான் பாலித்தீனால் இரண்டு சுற்று, டேப், ‘ஆஸ்பெஸ்டாஸ் கழிவு, உடைக்காதே’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டு. துண்டு, சேறு, உடுப்பு, மாஸ்க் எல்லாம் இரட்டைப் பை. குட்டி யானையில் திறந்தபடி ஏற்றாதீர்கள். ஐஎஸ் 11768 இந்தக் கழிவுக்கென்றே உள்ள இந்தியத் தரநிலை. ஒப்பந்தத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட்டால் பிறகு வாய்ச்சண்டை இல்லை.

---

ஷெட்காரர்_புதுவை:

எல்லோருக்கும் நன்றி. கிரைண்டர் ஆளை நிறுத்திவிட்டேன், கம்ப்ரஸரையும்தான். ஒரு லேப் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறது: ‘பிஎம் 10, பிஎம் 2.5, 24 மணி நேரம்’. இது போதுமா? எப்போது அளக்க வேண்டும்?

---

காற்றுமாதிரி:

போதாது. அது வெளிப்புறக் காற்றுக்கான பட்டியல், கையில் இருப்பதை அனுப்பியிருக்கிறார்கள். ‘மெம்பிரேன் ஃபில்டர் முறையில் இழை எண்ணிக்கை, ஐஎஸ் 11450 அல்லது நியாஷ் 7400’ என்று எழுதிக் கேளுங்கள்; முன்னது இந்திய முறை, பின்னது அமெரிக்க முறை. அந்தச் சோதனைக்கு என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று அவர்களின் பட்டியலிலேயே பாருங்கள். லேபுக்கு அங்கீகாரம் இருப்பதும் இந்தச் சோதனைக்கு இருப்பதும் வேறு வேறு.

செய்வது இப்படி. 25 மிமீ கேசட், கருப்பு நிற மின்கடத்தும் குழல், உள்ளே 0.8 மைக்ரான் செல்லுலோஸ் எஸ்டர் ஃபில்டர். குழல் மின்கடத்தாத சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் நிலைமின்சாரத்தில் இழை சுவரில் ஒட்டி எண்ணிக்கை குறையும். ஆள் மேல் மாட்டுவதென்றால் காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள், வாய் கீழ்நோக்கி. பம்ப் நிமிஷத்துக்கு 2 லிட்டர், நான்கு மணி நேரம்: 480 லிட்டர். ஓட்டத்தை முன்னும் பின்னும் அளக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடுங்கள். காற்று இழுக்காத வெற்று கேசட் இரண்டாவது கூடப் போக வேண்டும்.

ரிப்போர்ட்டை நீங்களே சரிபார்க்கலாம். நுண்ணோக்கியில் 5 மைக்ரானுக்கு மேல் நீளம், நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது உள்ளதை எண்ணுவார்கள். 100 கட்டத்தில் 20 இழை என்று வையுங்கள். ஒரு கட்டம் 0.00785 சதுர மிமீ. ஆக சதுர மிமீக்கு 25.5. அதை ஃபில்டர் பரப்பு 385ஆல் பெருக்கி 4,80,000 மில்லியால் வகுத்தால் மில்லிக்கு 0.02 இழை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 0.1, பிரிட்டனில் வேலை முடிந்து இடத்தை ஒப்படைக்க 0.01க்குக் கீழே கேட்பார்கள். இந்த எண்ணிக்கை முறை ஆஸ்பெஸ்டாஸையும் கண்ணாடிப் பஞ்சையும் பிரிக்காது. எண் சந்தேகமாக உயர்ந்தால் அதே ஃபில்டரின் ஒரு துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பலாம்.

மூன்று வேளை: இப்போது ஒருமுறை, கழற்றும்போது சாரத்தில் இருப்பவர் மேல், புதுக் கூரை போட்டு ஈரத்தில் துடைத்த பிறகு ஒருமுறை. கூரை திறந்திருக்கும்போது நடுவில் ஸ்டாண்டு வைத்து அளந்து ‘ஒன்றுமே இல்லை’ என்று ரிப்போர்ட் கொடுப்பார்கள்; அது கடல் காற்றின் ரிப்போர்ட். கடைசி அளவை வாசலை மூடி, மாஸ்க் போட்ட ஒருவர் தரையையும் பர்லினையும் பிரஷ்ஷால் லேசாகக் கிளறியபடி எடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும் நேரத்தில் கிரைண்டிங் வேண்டாம். இரும்புத் தூசு ஃபில்டரை மூடினால் எண்ணவே முடியாது.

---

ஷெட்காரர்_புதுவை:

கத்தரித்த ஜே-போல்ட்டையும் வாஷரையும் காயலான் கடையில் போடலாமா? கேட்டு வந்துவிட்டார்கள்.

---

படிவம்_பத்து:

போல்ட்டை வாளித் தண்ணீரில் அலசித் துடைத்தால் போடலாம். தார் வாஷரில் ஷீட் துகள் பதிந்திருக்கும், அது கழிவுப் பைக்கு. அலசிய தண்ணீரைக் கெட்டித் துணியில் வடிகட்டி, துணியை ஈரமாகவே அதே பையில் போட்டுக் கட்டுங்கள்.