சுகமானது என்றார்கள், பிறகு?

தூத்துக்குடி சகோதரி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இதைப் பதினோரு வருடமாக எங்கள் சபையில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவது அல்ல, முதல் வகை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும். ஊசி போட்டால்தான் உயிர். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. அந்தப் பிஞ்சுத் தொடையில் இடம் தேடித் தேடிக் குத்தியவளுக்குத்தான் தெரியும், ஏன் அந்தக் கூட்டத்துக்கு ஓடினேன் என்று.

பள்ளி மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். கடைசி இரவு, பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டு, "இங்கே ஒரு சிறுபிள்ளை, இரத்தத்தில் வியாதி, தகப்பன் கையில் இருக்கிறது" என்றார். என் கணவர் தோளில்தான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். (அவ்வளவு பெரிய மைதானத்தில் எத்தனை பிள்ளைகள் தகப்பன் தோளில் இருந்திருக்கும் என்று இன்றைக்குக் கணக்குப் போடுகிறேன். அன்றைக்குப் போடவில்லை.) மேடைக்கு ஓடினோம். தலையில் கை வைத்து ஜெபித்தார். ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டி, "விசுவாசிக்கிறாயா, அம்மா?" என்றார். விசுவாசிக்கிறேன் என்றேன். "அப்படியானால் இனி ஊசி எதற்கு?" மைதானம் முழுவதும் அல்லேலூயா.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் இன்சுலின் குப்பிகளைக் குப்பையில் போட்டார். நான் ஒன்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒளித்துவைத்ததே பாவம் என்று இரவெல்லாம் அழுதேன். காலையில் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கூட்டத்தில் ஊழியம் செய்த ஒரு சகோதரர் போனில், "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வசனத்தைச் சொன்னார். பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மாலை வாந்தி. மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். வாயில் பழுத்த பழத்தின் வாடை. மருத்துவமனையில் சர்க்கரை 512 என்றார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பிழைத்துவிட்டாள்.

எங்கள் சாட்சி அடுத்த மாதம் தொலைக்காட்சியில் வந்தது. "சர்க்கரை நோயிலிருந்து விடுதலை" என்று கீழே எழுத்து ஓடியது. அதே போனுக்கு மறுபடி பேசினேன். "சுகம் கிடைத்தது உண்மை, அதைக் காத்துக்கொள்ள உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்றார்கள்.

கர்த்தர் சுகமாக்குகிறவர் என்று இன்றும் நம்புகிறேன். அன்று அந்த வார்த்தையை நான் எப்படிச் சோதித்திருக்க வேண்டும்? உங்கள் வீடுகளில் நடந்ததை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், குமரி மாவட்டம்:

மகளே, உன் வயதில் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். முப்பத்தோரு வருடம் ஒரு மிஷன் மருத்துவமனையில் இருந்தேன். காலையில் வார்டில் ஜெபம், அதன்பிறகுதான் ரவுண்ட்ஸ். ஜெபித்த கையால்தான் ஊசியும் போட்டேன். இரண்டும் சண்டை போட்டதை நான் பார்த்ததில்லை.

ஆனால் காசநோய் வார்டில் உன் கதையை வேறு உருவத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை கூடும். அந்த நேரம் பார்த்து யாராவது ஜெபித்தால், "சுகமாகிவிட்டேன், சிஸ்டர்" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். உடம்பு உண்மையிலேயே அப்படித்தான் சொல்லும். உள்ளே மிச்சம் இருக்கும் கிருமி மட்டும் வேறு கதை சொல்லும். திரும்பி வரும்போது சில பேருக்குப் பழைய மருந்து வேலை செய்யாது. அதனால்தான் சளியை எடுத்துப் பார்க்காமல் யாரையும் குணமானவர் என்று எழுத மாட்டோம்.

இதற்கு வேதத்தில் இடம் இருக்கிறதா என்று ஒரு டாக்டரம்மா என்னிடம் கேட்டார். லேவியராகமம் 13, 14 எடுத்துப் பார் என்றேன். சந்தேகமான தடிப்பு என்றால் ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைக்கிறான், ஏழாம் நாள் பார்க்கிறான், இன்னும் ஏழு நாள், மறுபடியும் பார்க்கிறான். குணமானவனைப் பாளயத்துக்கு வெளியே போய்த் தானே பார்க்கிறான். இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சொஸ்தமாக்கினாரே, மாற்கு முதல் அதிகாரம், தொட்டவுடன் என்ன சொன்னார்? போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். ஒருவருக்கும் சொல்லாதே என்றும் சேர்த்துச் சொன்னார். தாம் தொட்டுக் கொடுத்த சுகத்தையே சோதிக்க அனுப்பினார், மகளே. உன் பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் அவர் கோபித்திருப்பாரா?

மருந்தில்லா வீட்டில் வளர்ந்தவன்:

நான் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன், சகோதரி மன்னிக்க வேண்டும். மருந்தே எடுக்காத சபையில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் தலைவலிக்குத் தைலம்கூடக் கிடையாது. "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற யாத்திராகம வசனம் சுவரில் தொங்கியது; பரிகாரி என்றால் வைத்தியர். அப்பா குடலிறக்க வலியோடு பன்னிரண்டு வருடம் வாழ்ந்து, கடைசி வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் போனார். அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் ஒருவரிடமும் காணிக்கை கேட்டதில்லை, நோயாளி யாரையும் பார்த்து உனக்கு விசுவாசம் இல்லை என்று சொன்னதில்லை. தன் உடம்பை வைத்துத்தான் விசுவாசித்தார். ஒலிபெருக்கி பிடித்து அடுத்தவன் பிள்ளையின் உடம்பை வைத்து விசுவாசிப்பது வேறு.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி சொல்லும் வசனம் ஆசா ராஜாவுடையது: வியாதியில் "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்". நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் அதை நிதானமாகப் படித்தேன். குற்றம் "கர்த்தரை அல்ல" என்பதில் இருக்கிறது. வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுத்த அதே தேவனின் தீர்க்கதரிசி, பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் நோயாளியாகவே விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் என்றார். கூடவே அலைந்த லூக்கா வைத்தியர். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் எங்கேயும் எழுதவில்லை.

பரீட்சை பாராதே என்ற வசனம் எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். தேவாலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்" என்று பிசாசு சொன்னபோது இயேசு கொடுத்த பதில் அது. அவன் காட்டியதும் வேத வசனம்தான், சங்கீதம் 91. உங்கள் வீட்டில் சர்க்கரை அளவைப் பார்ப்பது குதிப்பா, இன்சுலினைக் குப்பையில் போட்டது குதிப்பா?

மதுரை சகோதரி:

எனக்குச் சுகம் கிடைத்தது. சினைப்பையில் நீர்க்கட்டி, ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சபையில் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. இந்த வகைக் கட்டி பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே கரையும் என்று டாக்டர் சொன்னார். நான் கர்த்தருக்கே நன்றி சொன்னேன், தானாகக் கரைவதையும் அவர்தானே வைத்தார். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனேன். அந்த வரியை விட்டுவிடுங்கள் என்றார் ஒரு சகோதரர். நான் சாட்சியையே விட்டுவிட்டேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

நாகப்பட்டினம் வாசகர்:

நான் கத்தோலிக்கன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிரான்சில் லூர்து திருத்தலத்தில் 1883 முதல் மருத்துவப் பணியகம் ஒன்று இருக்கிறது. குணமானேன் என்று சொன்னவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2018 வரை திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டது 70. அந்த எழுபதாவது பெண் குணமானது 2008-இல்; பத்து வருடம் மருத்துவர்கள் பார்த்தார்கள். நோய் கடுமையானதா, சட்டென்று நீங்கியதா, திரும்பி வந்ததா, சிகிச்சையால் விளக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அதுவரை யாரும் மேடை போடுவதில்லை.

தூத்துக்குடி சகோதரி:

எல்லாருடையதையும் இரவு இரண்டு முறை படித்தேன். என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். மாற்கு முதல் அதிகாரம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார், ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

மகளுக்கு இப்போது இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள். எங்கள் சாட்சி இன்னும் அவ்வப்போது ஓடுகிறது என்று அவள் தோழி ஒருத்தி சொன்னாள்.

இன்று காலை திரையில் வரும் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பதினோரு வருடத்துக்கு முன் ஒளிபரப்பான சாட்சியில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், மருத்துவமனைச் சீட்டும் இருக்கிறது, யாரிடம் பேசலாம் என்று கேட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அதற்குத் தனிப் பிரிவு இல்லை, ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றாள். மகளின் பெயரைச் சொன்னேன். வியாதி என்ன என்று கேட்டாள். சர்க்கரை நோய் என்றேன். எழுதிக்கொண்டாள்.