சும்மா இருக்கும்போது மட்டும் குறிப்பு வருகிறதே, ஏன்?

கட்டக்காரி:
மாதப் பத்திரிகை ஒன்றுக்குக் குறுக்கெழுத்து தயாரித்துக் கொடுக்கிறேன். கட்டம் நிரப்புவது சுலபம், குறிப்பு எழுதுவதில்தான் உயிர் போகும். 'மாலை'க்கு மேசையில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டினால் 'அந்திப்பொழுது' என்று சப்பென்றுதான் வந்தது. மாவு மில்லில் கோதுமை டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு பெல்ட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. தானாக வந்து விழுந்தது: 'வெயில் இறங்கும்போது வரும், கழுத்திலும் ஏறும்.' கையில் போன் இருந்தால் இப்படி வருவதே இல்லை. இது என் பிரமையா? வீட்டில் கேட்டால், வேலைக்கு டிமிக்கி கொடுக்க ஒரு சாக்கு என்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்:
பிரமை இல்லையம்மா. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்கரே 1908இல் இதைத்தான் விவரமாகச் சொன்னார். ஒருவகைச் சார்புகளோடு (கணக்கில் ஃபங்ஷன் என்பார்களே, அது) மல்லாடிக்கொண்டிருந்தவர், நடுவில் கான் நகரிலிருந்து ஒரு நிலவியல் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். ஊர் சுற்றியதில் கணக்கே மறந்துபோயிற்று. கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைக்கிறார், அந்தச் சார்புகளுக்கும் யூக்ளிடியமல்லாத வடிவியலுக்கும் (பள்ளியில் படிக்கும் யூக்ளிட் விதிகள் முழுதும் பொருந்தாத வடிவியல்) உள்ள உறவு பளிச்சென்று படுகிறது. ஏறி உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தாராம்! சரிபார்த்ததெல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான்.

ஆய்வகப் பூனை:
சார் முன்கதையை விட்டுவிட்டார். அதற்கு முன்னால் 15 நாள் அந்த மனிதர் தினமும் மேசையில் உட்கார்ந்து முட்டி மோதியிருக்கிறார். ஆகவே நீங்கள் அகராதி புரட்டிய நேரமும் வீண் இல்லை.

மூளை விஷயம்: 2001இல் அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரைக்கிள் குழு எழுதியபடி, நாம் ஒரு வேலையில் கவனம் வைத்தால் மூளையின் சில பகுதிகள் அடங்குகின்றன, சும்மா இருக்கும்போது அவைதான் மும்முரம். கற்பனை அங்கிருந்துதான் வருகிறது என்று இதை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் சும்மா இருப்பது லேசான காரியமில்லை. 2014இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் ஆட்களை 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள், பக்கத்தில் மின் அதிர்ச்சி தரும் பட்டன். 18 ஆண்களில் 12 பேர் அமுக்கிப் பார்த்துவிட்டார்கள். போன் இருந்திருந்தால் பட்டனைத் தொட்டிருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

இரட்டை ஷிப்ட்:
எல்லாம் சரி. புவான்கரே ஊர் சுற்றினபோது வீட்டில் உலை வைத்தது யார்? எனக்குப் பகலில் பனியன் கம்பெனி, ராத்திரி அடுப்படி. சும்மா இருப்பதற்கும் வசதி வேண்டும் தாயே.

கட்டக்காரி:
நிஜம்தான் அக்கா. எனக்கும் ஓய்வு என்று தனியாக ஒன்றும் கிடையாது. வரிசையில் நிற்கிற நேரம்தான், அதையும் ரீல்ஸ் தின்றுவிடுகிறது. பூனையார் சொன்னபடி முதலில் அகராதி, அப்புறம் துணி மடிப்பது என்று மாற்றிப் பார்க்கிறேன். உங்களுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டாவது கிடைக்குமா?

இரட்டை ஷிப்ட்:
ஜன்னல் சீட்டெல்லாம் டெய்லர்களுக்கு. நான் செக்கிங்.