வாத்து கால் ஊன்றாம உக்காந்தே இருக்கா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எங்ககிட்ட ரெண்டு பெக்கின் வகை வாத்துக்குஞ்சு, அதுல பெருசா கொழுகொழுன்னு இருந்ததுதான் முதல்ல உக்காந்துச்சு. சின்னது ஓடி ஆடுது, இது நாலு அடி வைக்கும், கால் மூட்டை மடிச்சு பொத்துன்னு உக்காந்துக்கும், தட்டை பக்கத்துல வச்சா கழுத்தை மட்டும் நீட்டி சாப்பிடும். பசி குறையல, கண்ணும் பளிச்சுன்னு இருக்கு, அதனால வீட்ல எல்லாரும் எங்கயோ அடிபட்டிருக்கும்னுதான் சொன்னாங்க. பறவைங்க பாக்குற டாக்டர் தூக்கி பாத்துட்டு, கால் வில்லு மாதிரி வளையுறதையும் மூட்டு தடிச்சிருக்கறதையும் காட்டிட்டு, என்ன தீவனம்னு ஒரே கேள்விதான் கேட்டார். வாத்துக்குன்னு தனியா கிடைக்கல, கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர்தான்னு சொன்னோம். நியாசின் பத்தல, அதாவது வைட்டமின் பி3, அப்டின்னுட்டார்.

பெருசு முதல்ல விழுந்ததுக்கு காரணமும் சொன்னார். இந்த வகை 7 வாரத்துலயே 3 கிலோவை தொட்டுடும், எடை ஏறுற வேகத்துக்கு எலும்பும் மூட்டும் ஈடு குடுக்கணும், வேகமா வளர்றதுக்குத்தான் குறை சீக்கிரம் வெளிய தெரியும்.

தினமும் ஈரத்தீவனத்துல ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிக்கற ஈஸ்டோட பொடி, நியாசின் நிறைய இருக்கும்) கலந்து குடுத்தோம், ஒரு கப் தீவனத்துக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன். தண்ணியில நியாசினும் கலந்தோம், பொதுவா சொல்ற அளவு சுமார் 4 லிட்டருக்கு 100லருந்து 150 மில்லிகிராம், ஆனா உங்க குஞ்சோட வயசு பாத்து டாக்டர்கிட்ட கேட்டுக்கறது நல்லது. வாத்து தண்ணியை எப்டி கலக்கி வைக்கும்னு உங்களுக்கே தெரியும், அதனால அந்த தண்ணியை தினமும் கொட்டிட்டு புதுசா கலக்கணும். இப்போ நடக்குது, லேசா ஒரு சாய்வு மட்டும் இருக்கு.

*

அக்கா சொன்னதோட கொஞ்சம் சேத்துக்கறேன். கோழி தன்னோட உடம்புலயே டிரிப்டோஃபேன்ங்கற அமினோ அமிலத்துலருந்து ஓரளவு நியாசின் தயாரிச்சுக்கும், வாத்துக்கு அந்த சாமர்த்தியம் ரொம்ப கம்மி, அதனால சாப்பாட்டுலதான் வரணும். வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்துல 55 மில்லிகிராம் வேணும்னு கணக்கு, கோழிக்குஞ்சுக்கு 35 இருந்தா போதும். இதுல மக்காச்சோளம் வேற, அதுல இருக்கற நியாசின்ல பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கும், பறவைக்கு சேராது.

முக்கியமா, கடையில ரொட்டிக்கு வாங்குற ஈஸ்டை போட்டுடாதீங்க, அது உயிரோட இருக்கற ஈஸ்ட், உள்ள போயி நொதிக்கும். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் உயிர் இல்லாதது. பேரு ஒண்ணா இருக்கேன்னு நிறைய பேர் மாத்தி வாங்கிடறாங்க.

அப்புறம் மூட்டுல தசைநார் ஒரேயடியா விலகிடுச்சுன்னா அதுக்கப்புறம் எந்த வைட்டமினும் அதை உள்ள தள்ளி வைக்காது. அதனாலதான் லேசா தள்ளாடும்போதே ஆரம்பிக்க சொல்றாங்க.

*

என்னோடது வேற கதை. குஞ்சோட விரல் எல்லாம் உள்பக்கமா சுருண்டு, முஷ்டி மடக்கின மாதிரி வச்சுட்டு கணுக்கால்லயே தவழ்ந்துச்சு. அது பி2 குறைவுன்னாங்க, ரைபோஃப்ளேவின். சொட்டு மருந்து குடுத்துட்டே, அட்டையை பாதம் அளவுக்கு வெட்டி விரலை விரிச்சு வச்சு மெடிக்கல் டேப் ஒட்டி விட்டோம். ஷூ போட்ட வாத்து! வீட்டுப் பசங்களுக்கு சிரிப்பு தாங்கல. இளங்குஞ்சா இருந்ததால விரல் நேராச்சு, நரம்பு ரொம்ப நாள் கெட்டுப் போயிருந்தா நேராகாதுன்னு சொன்னாங்க.

*

எங்களுது முட்டை போடற வாத்து, வளர்ந்தது. நல்லா இருந்தது திடீர்னு காலை இழுத்துச்சு. இங்க ஈஸ்ட் ஈஸ்ட்னு படிச்சுட்டு அதை வாங்க கிளம்பினோம், நல்லவேளை டாக்டர் முதல்ல வயித்தை தடவி பாத்தார், முட்டை உள்ள சிக்கியிருந்துச்சு. அது நரம்பை அழுத்தினா கால் வராதாம். கால்சியம் போட்டு, வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வச்சு, முட்டை வந்ததும் எழுந்துச்சு. இப்போ கிளிஞ்சல் தூளை தனி கிண்ணத்துல வச்சிருக்கோம், வேணுங்கறப்ப அதுவே கொத்திக்கும். ஆனா வளர்ற குஞ்சுக்கு முட்டைக்கோழி தீவனம் போடாதீங்க, அவ்ளோ கால்சியம் அதோட கிட்னிக்கு ஆகாது.

*

வீட்டுக்குள்ளயே வளக்கறவங்களுக்கு ஒண்ணு. ஜன்னல் ஓரமா வெயில்ல உக்கார வச்சிருக்கேன், வைட்டமின் டி3 கிடைக்கும்னு நினைக்கறாங்க, ஆனா டி3 உருவாக வேண்டிய புறஊதாக் கதிரை கண்ணாடி தடுத்துடும். வெளிய விடணும், இல்லன்னா தீவனத்துல டி3 இருக்கணும். அலகை லேசா அழுத்தி பாருங்க, ரப்பர் மாதிரி வளைஞ்சா எலும்பும் அப்டித்தான் இருக்கும்.

*

நான் கொஞ்சம் பயமுறுத்திட்டு போறேன். கால் மட்டும் தளர்ந்தா யோசிக்க நேரம் இருக்கு, கழுத்தும் சேர்ந்து தொங்கினா யோசிக்காம ஓடுங்க. எங்க வாத்து கழுத்தை தூக்க முடியாம தண்ணி ஓரமா கிடந்துச்சு, குட்டை ஓரத்துல செத்துக் கிடந்த எதையோ, இல்ல அதுல இருந்த புழுவை தின்னுருக்கும்னாங்க, பொட்டுலிசம், அதாவது அழுகினதுல வளர்ற கிருமியோட விஷம். அதுக்கு வைட்டமின் குடுத்து காத்துட்டு இருந்தா போச்சு. அதே மாதிரி ஆணி, ஸ்க்ரூ, காசுன்னு பளபளன்னு இருக்கறதை எல்லாம் விழுங்கும், ஈயமோ துத்தநாகமோ ரத்தத்துல ஏறினாலும் கால் போகும், எக்ஸ்ரேயோ ரத்த டெஸ்டோ எடுத்தாதான் தெரியும்.

*

எல்லாரும் சொல்றதை படிச்சேன், ஒரு டவுட். எங்க வாத்து மூணு மாசம், ஒரு கால்ல மட்டும் நொண்டுது, இன்னொரு கால் நல்லா இருக்கு. பச்சைப் பட்டாணில பி3 இருக்குன்னாங்க, அதை மட்டும் குடுத்தா போதுமா?

*

பட்டாணி 100 கிராம்ல 2 மில்லிகிராம் பக்கம்தான் இருக்கு, ஆசைக்கு குடுங்க, மருந்தா நம்பாதீங்க. அதை விடுங்க, ஒரு கால் மட்டும்னா எனக்கு வைட்டமின் மேல சந்தேகமே பெருசா வரல, சத்துக்குறைவுன்னா பெரும்பாலும் ரெண்டு காலும் சேந்து பாதிக்கும். பாதத்தை திருப்பி அடிப்பக்கம் பாருங்க, நடுவுல கறுப்பா பொருக்கு, சுத்தி வீக்கம், சூடு இருந்தா அது பம்பிள்ஃபுட், உள்ள சீழ் இருக்கும், நீங்களே கீறாதீங்க. ஒண்ணும் இல்லன்னா தொடையை தொட்டு பாருங்க, யாராவது காலை புடிச்சு தூக்கினாங்களான்னும் கேளுங்க, வாத்தை எப்பவும் ரெக்கையோட சேத்து உடம்பை அணைச்சுத்தான் தூக்கணும். தரையில டைல்ஸா? டைல்ஸ்னா, நியூஸ்பேப்பர் விரிச்சிருந்தாலும், வழுக்கும், ரப்பர் மேட் போடுங்க.

*

டைல்ஸ்தான் ப்ரோ. பாதத்துல கறுப்பு இல்ல, தொடையை தொட்டா கத்துது. நாளைக்கு டாக்டர்கிட்ட தூக்கிட்டு போறேன். அதுவரைக்கும் தொட்டித் தண்ணில மிதக்க விடலாமா?

*

மிதந்தா காலுக்கு பாரம் குறையும்தான், ஆனா வலியில உதைச்சா எலும்பு விலகியிருந்தா மோசமாகும், அதனால பாக்கற வரைக்கும் வேணாம். டவல் விரிச்ச பெட்டில வச்சு, மூக்கு முங்கற ஆழத்துக்கு குடிதண்ணி எட்டற தூரத்துல வைங்க.